எம்டன் மூழ்கடித்த வரைபடங்களும் நம் கண்மாய்களும்

பதிவு கொஞ்சம் நீளம். தேர்வில் கேட்கமாட்டேன், ஆற அமரப் படியுங்கள்.

2024 அக்டோபர் 25ஆம் தேதி மதுரையில் கொட்டிய மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். செல்லூர், பீ.பீ.குளம் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர். மழை அதிகம் என்றார்கள் சிலர், சாக்கடை அடைப்பு என்றார்கள் சிலர். இரண்டும் உண்மைதான். வரலாற்று வாத்தியாருக்கு மட்டும் இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. இந்த இடத்தில் வீடு வரலாம், இந்த வழியில் தெரு போகலாம் என்று முதன்முதலில் காகிதத்தில் கோடு போட்டவர் யார்? பேரிடர் என்றதும் நமக்குப் படகும் தீயணைப்பு வண்டியும் உணவுப் பொட்டலமும்தான் ஞாபகம் வரும். கட்டடக் கலைஞரையும் நகரமைப்பாளரையும் யாரும் நினைப்பதில்லை.

இத்தனைக்கும் அந்தத் தொழில் நம் நாட்டில் வேர்விட்டதே ஒரு பேரிடரின் பின்னால்தான். 1896இல் பம்பாயில் பிளேக் வந்தது. இரண்டு வருடம் கழித்து நகர மேம்பாட்டு அறக்கட்டளை என்று ஓர் அமைப்பை வெள்ளை அரசு தொடங்கியது. நெருக்கமான தெருக்களை இடி, அகலமான சாலை போடு என்பதே அவர்கள் கண்ட மருந்து. வீடு இழந்தவர்கள் எங்கே போவார்கள்? பக்கத்துத் தெருவுக்குத்தான். நெருக்கடி அங்கே கூடியது. மற்ற ஊர்களும் அதே மருந்தையே வாங்கிக் குடித்தன.

இந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர் பாட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர், தாவரவியல் பேராசிரியர். சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைத்து 1914இல் வந்தார். நகரங்களைப் பற்றி ஆயுள் முழுக்கச் சேர்த்த வரைபடங்களையும் படங்களையும் கண்காட்சிக்காகத் தனிக் கப்பலில் அனுப்பியிருந்தார். சென்னையில் குண்டு போட்ட எம்டன் கப்பலைப் பாடத்தில் படித்தீர்கள் அல்லவா? அதே எம்டன்தான் அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. ("அவன் பெரிய எம்டன்" என்று நம் பாட்டிகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது!) மனுஷர் அசரவில்லை. நண்பர்களிடம் கேட்டு வாங்கிப் புதிதாகச் சேர்த்து, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்தியே விட்டார். பிறகு மாகாணத்து ஊர்களைச் சுற்றினார். தஞ்சாவூருக்குப் போனார், நம் மதுரைக்கும் வந்தார். அறிக்கைகள் எழுதினார்.

அவர் வேலை செய்த விதம்தான் எனக்குப் பிடித்தது. முதலில் நடப்பார். சந்து பொந்தெல்லாம் நுழைந்து பார்ப்பார். வைத்தியர் நாடி பிடிக்காமல் மருந்து கொடுக்கலாமா என்பது அவர் கட்சி. தஞ்சைக் கோட்டைப் பகுதியில் பொறியாளர்கள் நேர்நேராகப் புதுத் தெரு வெட்டத் திட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு எத்தனையோ வீடுகள் போயிருக்கும். இடிந்து கிடக்கும் சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மரம் வைத்து, முடுக்குகளைக் கொஞ்சம் விரித்தால் போதும், செலவும் பல மடங்கு குறையும் என்று காட்டினார் கெடிஸ். மலேரியாவுக்குப் பயந்து ஊர்க்குளங்களைத் தூர்க்கச் சொன்னார்கள் அந்தக் கால அதிகாரிகள். குளத்தைச் சுத்தமாக வையுங்கள், மீன் விடுங்கள், கொசுப் புழுவை மீன் பார்த்துக்கொள்ளும் என்றார் அவர்.

இந்தூரில் அவர் செய்தது இன்னும் சுவாரசியம். அங்கே பிளேக். மகாராஜாவிடம் சொல்லி, தீபாவளி ஊர்வலத்தைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொண்டார். வழக்கமான வழியில் ஊர்வலம் போகாது, எந்தத் தெரு வீடுகளைச் சுத்தம் செய்து பழுதுபார்த்து வைத்திருக்கிறதோ அந்த வழியாகத்தான் போகும் என்று அறிவித்துவிட்டார். வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது. ஊர்வலத்தில் ஒரு ராட்சத எலி பொம்மை. கடைசியில் அதைக் கொளுத்தினார்கள். போலீசை வைத்து வீட்டைச் சோதனை போட்டிருந்தால் இது நடந்திருக்குமா?

சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் 1920இல் வந்துவிட்டது. சட்டம் வந்த அளவுக்குக் கெடிஸின் கண் வரவில்லை. மதுரையின் கண்மாய்கள் சங்கிலி போன்றவை. ஒன்று நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்கு, கடைசியில் வைகைக்கு. தல்லாகுளம் கண்மாய் இருந்த இடத்தில் இன்று மாநகராட்சி அலுவலகம் நிற்கிறது. 2004 ஜூலையில் திறந்த உயர் நீதிமன்றக் கிளை எழும்பியது உலகனேரிக் கண்மாயில். பெயரில் குளம் இருக்கிறது, தரையில் இல்லை. சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் தண்ணீர் நிற்காது, தெருவைப் பிடித்துக்கொண்டு போகும்.

அதே 2004ஆம் வருடக் கடைசியில் சுனாமி. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. முதலில் போட்டது தார் அட்டைக் கொட்டகைகள், ரயில் பெட்டி மாதிரி வரிசையாக. வெயிலில் உள்ளே உட்கார முடியாது, மழையில் படுக்க முடியாது. 2005 மார்ச்சில் அரசாணை வந்தது. வீட்டுக்கு ஒன்றரை லட்ச ரூபாய், ஏறக்குறைய 325 சதுர அடி, பட்டா கணவன் மனைவி இருவர் பேரிலும். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீடு கிடையாது. கட்டுவது தொண்டு நிறுவனங்கள். கணவன் மனைவி இருவர் பேரிலும் பட்டா என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகவே படுகிறது.

கட்டிய விதத்தில்தான் வித்தியாசம். பல இடங்களில் ஒப்பந்தக்காரருக்கு வசதி என்று தென்னை, வேம்பு, பூவரசு எல்லாவற்றையும் வெட்டி, மைதானமாக்கி, கட்டம் போட்டு ஒரே மாதிரி கான்கிரீட் பெட்டிகளை வைத்தார்கள். அலை விட்டுவைத்த மரத்தை மண்வாரி இயந்திரம் விடவில்லை. சில ஊர்களில் நன்றாக நின்ற பழைய வீடுகளையும் இடித்தார்கள். வலை பின்ன, மீன் காய வைக்க, சாயங்காலம் பெண்கள் உட்கார்ந்து பேச நிழல் வேண்டும் என்பது வரைபடத்தில் இல்லை.

தரங்கம்பாடியிலும் சின்னங்குடியிலும் வேறு மாதிரி நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு வீடு கட்ட எடுத்துக்கொண்டு, கேரளக் கட்டடக் கலைஞர் பென்னி குரியாகோஸிடம் பொறுப்பைக் கொடுத்தது. லாரி பேக்கரிடம் வேலை கற்றவர் அவர். குடும்பம் குடும்பமாகக் கலந்து பேசி, பல மாதிரிகளைக் காட்டி, அவரவர் தேவைக்கு மாற்றிக் கட்டினார்கள். இதனால் நாள் அதிகம் பிடித்தது. நன்கொடை தந்தவர்கள் சீக்கிரம் திறப்பு விழாப் படம் கேட்பார்கள். குடியிருக்கப் போகிறவனுக்கோ முப்பது வருடக் கணக்கு. இரண்டில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்வது என்று முடிவு செய்வதும் கட்டடக் கலைஞரின் வேலைதான்.

இப்போது நம் கீழக்குயில்குடிக்கு வருகிறேன். சமணர் மலை முழுக்கப் பாறை. பெய்கிற மழை ஊறாது, வழிந்து அடிவாரத்துக்குத்தான் வரும். மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குகைகளில் நெற்றிப் பாறையில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பதைச் சுற்றுலா போனபோது காட்டியிருக்கிறேன். மழைநீர் படுக்கைக்குள் வராமல் பக்கவாட்டில் வடிய இரண்டாயிரம் வருடத்துக்கு முன் செய்த ஏற்பாடு. படுக்கும் முன் தண்ணீர் எந்த வழி வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து நம் பக்கம் வரை வயலெல்லாம் மனைக்கல் முளைக்கிறது. வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, உங்களில் பாதிப் பேர் அங்கேதான் மனை வாங்கியிருக்கிறீர்கள். நில அளவைத் துறையிலும் நகர் ஊரமைப்பிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் ஓர் உதவி. மலையிலிருந்து நம் கண்மாய்க்கு வரும் வரத்துக்கால்கள் பழைய கிராம வரைபடத்தில் எந்தெந்தப் புல எண்களில் போகின்றன என்று குறித்துத் தாருங்கள். ஊர்ப் பெரியவர்களோடு நடந்து பார்த்துவிடலாம் என்றிருக்கிறேன். முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் கிடைத்தால் நல்லது.