இளம் ஆசிரியர்களின் ஆய்வுக்கு யார் துணை?

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை வந்தது. மத்திய அரசின் வாகன ஆய்வு மையமும் ஒரகடத்தில் இயங்குகிறது. ஆனால், இப்பகுதிக் கல்லூரிகளின் இளம் ஆசிரியர்கள் பலருக்கு ஆய்வு எட்டாக்கனியாகவே உள்ளது. முனைவர் பட்டத்துடன் நெறியாளரின் துணை முடிந்துவிடுகிறது. அதன்பின் ஆய்வுக்கூடமும் இல்லை. பிழை சுட்டித் திருத்தும் மூத்தோரும் இல்லை.

இக்குறையைப் போக்கவே, அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம் 'டேர்' என்னும் திட்டத்தை வகுத்தது. (அவ்வாரியத்தின் பணிகளை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை ஏற்றுள்ளது.) மாநிலப் பல்கலைக்கழகங்கள், தனியார் கல்லூரிகளின் நிரந்தர ஆசிரியர்கள், தம் பணியை விடாமலேயே, ஐஐடி போன்றதொரு நிறுவனத்தில் வழிகாட்டி ஒருவரின் துணையுடன் 3 ஆண்டுகள் ஆய்வு செய்யலாம். ஆண்டுக்கு ரூ.5 லட்சம் ஆய்வு நிதி. அதை இரு நிறுவனங்களும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். ஆசிரியருக்கு ஆண்டுக்கு ரூ.60,000 உதவித்தொகையும் உண்டு.

ஆண்டுக்கு 90 நாள்களாவது அந்த நிறுவனத்தில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. சிக்கலும் இங்குதான். அந்நாள்களில் அவருடைய வகுப்புகளை யார் நடத்துவது? மாற்று ஆசிரியருக்கு ஊதியம் யார் தருவது? ஆய்வின் பயன் தொழில்துறைக்கும் சமூகத்துக்கும் பரவ, செலவு மட்டும் கல்லூரியின் தலையில் விழுந்தால், எந்த நிர்வாகமும் தயங்கவே செய்யும்.

அச்செலவை மாநில அரசும் இப்பகுதி ஆலைகளும் பகிர்ந்துகொள்ளலாம். ஆலைகளின் மூத்த பொறியாளர்கள் இணை வழிகாட்டிகளாகவும் முன்வரலாம். ஆசிரியருக்கு நேரம் கிடைக்காதவரை, எத்தனை வழிகாட்டிகள் காத்திருந்தும் பயனில்லை.