எண்ணிக்கையும் பெயரும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நம் மீட்பின் வரலாற்றிலேயே ஓர் இடமுண்டு. அகுஸ்து சீசரின் கட்டளைப்படி தம் பெயரைப் பதிவு செய்யவே சூசையப்பர் முன்னோரின் ஊராகிய பெத்லகேமுக்குச் சென்றார் என்கிறார் லூக்கா. இன்று வடசேரியிலும் கோட்டாற்றிலும் தம் முன்னோரைத் தேடும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. பழைய கணக்கெடுப்புகளில் அவர்களுக்குக் கிடைப்பது என்ன?

நாஞ்சில் நாடு தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் முதல் நாளில்தான். ஆகவே அதற்கு முற்பட்ட கணக்குகளைத் திருவிதாங்கூர் அரசின் ஏடுகளிலேயே தேட வேண்டும். 1875இல் நாகமையா நடத்திய கணக்கெடுப்பு அந்நாட்டின் மக்கள்தொகை 23,11,379 எனக் கூறுகிறது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கை தொடர்ந்தது. சமயம், சாதி, தொழில், எழுத்தறிவு ஆகியவை பற்றி அவ்வறிக்கைகள் விரிவாகப் பேசுகின்றன. நம் கொள்ளுப்பாட்டனார் எத்தகைய உலகில் வாழ்ந்தார் என்பதை அவற்றால் அறியலாம். அவர் பெயரை அறிய இயலாது.

இங்கிலாந்தில் வீடுவீடாக எழுதப்பட்ட கணக்கெடுப்புப் படிவங்கள் நூறு ஆண்டுகளுக்குப் பின் மக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921ஆம் ஆண்டின் படிவங்கள் 2022இல் திறக்கப்பட்டன. நம் நாட்டிலோ தனிமனிதரைப் பற்றிய குறிப்புகளை எவரும் பார்வையிட 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் இடந்தருவதில்லை. நமக்கு எஞ்சுவது எண்ணிக்கை மட்டுமே.

எண்ணிக்கை எவ்வளவு மறைத்துவிடும் என்பதற்கு ஒரு சான்று போதும். 1836ஆம் ஆண்டுக் கணக்கின்படி திருவிதாங்கூரின் மக்கள் 12,80,668 பேர். அவர்களுள் அடிமைகள் 1,64,864 பேர். அரசு அடிமைமுறையை 1855இல் ஒழித்தது. ஆனால் அந்த ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோரில் ஒருவர் பெயரையும் அவ்வெண் நமக்குச் சொல்வதில்லை.

பெயரைத் தேடுவோர் பங்கு அலுவலகத்துக்கே வர வேண்டும். திருமுழுக்கையும் திருமணத்தையும் பதிவு செய்யுமாறு திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் பணித்தது. 1614இல் வெளியான உரோமைச் சடங்கு நூல் இறப்பேட்டையும், வீடுவாரியாகப் பங்கு மக்களின் பெயர்களைக் குறிக்கும் ஆன்ம நிலை ஏட்டையும் சேர்த்துக் கோரியது. இந்த ஆன்ம நிலை ஏடு திருச்சபையின் கணக்கெடுப்பு என்றே சொல்லலாம்.

இவ்வேடுகளைத் திருமணப் பதிவிலிருந்து பின்னோக்கிப் படிப்பது எளிது. மணமக்களின் பெற்றோர் பெயர் திருமுழுக்கு ஏட்டுக்கு வழிகாட்டும். ஞானப்பெற்றோரின் பெயர்கள் உறவுமுறையைக் காட்டக்கூடும். இலத்தீனில் எழுதப்பட்ட பதிவுகளில் இராயப்பர் 'பேத்ருஸ்' ஆகவும், சூசை 'யோசேபுஸ்' ஆகவும், அருளப்பர் 'யோவான்னெஸ்' ஆகவும் இருப்பர். நட்டாலத்து நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றபோது ஏற்ற 'லாசர்' என்ற பெயரே தமிழில் தேவசகாயம் ஆயிற்று. 2022இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். கொல்லம் ஆண்டைக் கண்டால் அதனுடன் 825ஐக் கூட்டுக. ஆவணிக்கும் திசம்பர் முடிவுக்கும் இடைப்பட்ட நாளாயின் 824ஐக் கூட்டுக.

எதற்காகத் தேடுகிறோம் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. குலப்பெருமைக்குச் சான்று தேடுவோர் மத்தேயு தரும் தலைமுறை அட்டவணையை முதலில் வாசிக்கட்டும். ஆண்டவரின் முன்னோரிடையே தாமாரும், இராகாபும், மோவாபியப் பெண்ணான ரூத்தும் இடம் பெற்றுள்ளனர். நற்செய்தியாளர் அவர்களை மறைக்கவில்லை. நம் முன்னோரில் ஏழையையும், ஒடுக்கப்பட்டவரையும், எழுத்தறியாதவரையும் காணும்போது நாமும் முகம் திருப்பலாகாது.

பதிவேடுகளைக் கவனமாகப் பாதுகாப்பது பங்குத்தந்தையின் கடமை என்கிறது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. கறையானும் ஈரமும் சட்டம் அறியா. ஓர் ஏடு அழியும்போது, வேறெங்கும் எழுதப்படாத எளியவர் பலரின் பெயர்களும் அதனுடன் அழிகின்றன. ஆகவே பழைய ஏடுகளைப் படமெடுத்து, ஒரு படியை மறைமாவட்ட ஆவணக் காப்பகத்தில் வைப்பதற்குப் பங்குப் பேரவைகள் இவ்வாண்டே முன்வரட்டும். நல்லாயன் ஆடுகளை எண்ணுவதோடு நிற்பதில்லை. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அழைக்கிறார்.