போய் (வினையெச்சம்)

போய் என்பது ‘போ’ என்னும் வினைப்பகுதியிலிருந்து பிறக்கும் இறந்தகால வினையெச்சம். தான் முற்றுப்பெறாமல் நின்று, பின்வரும் வினையைக் கொண்டு பொருள் முடியும் வினைச்சொல்லே வினையெச்சம் எனப்படும். ‘சூரமங்கலம் போய் ரயிலேறினான்’ என்ற தொடரில், சேலம் சந்திப்பு நிலையம் அமைந்துள்ள அப்பகுதியை அடைந்த செயல் முடிந்த பிறகே ஏறிய செயல் நிகழ்ந்தது என்ற முறைமையை இந்த ஒரு சொல்லே உணர்த்திவிடுகிறது.

செய் என்பது செய்து எனவும், வா என்பது வந்து எனவும், ஓடு என்பது ஓடி எனவும் எச்சமாகும்போது, போ மட்டும் யகர மெய்யில் முடிவதால், தமிழைப் புதிதாகக் கற்போர் இதை விதிக்குள் அடங்காத சொல்லாகக் கருதி மனப்பாடம் செய்கின்றனர். நில், கல், சொல் ஆகிய மூன்றும் லகர மெய்யில் முடிந்தும் நின்று, கற்று, சொல்லி என மூன்று வழியில் பிரிவதைக் கண்டவர்களுக்கு அந்த எண்ணம் எழுவது இயல்பே. ஆனால் போய் என்பதை விதிவிலக்கு என்று ஒதுக்குவது பொருந்தாது. நன்னூல் இறந்தகால இடைநிலைகளாகக் கூறும் த், ட், ற், இன் என்னும் நான்கனுள் ‘இன்’ பெறும் வினைகள், ஓடினான், ஓடி என்பனபோல, எச்சத்தில் இகரத்தை ஈறாகக் கொள்கின்றன. போயிற்று என்ற முற்றிலும், போயினான் என்ற பழைய வடிவிலும் அந்த ‘இன்’ தெளிவாகத் தெரிகிறது. போனான் அதன் குறுக்கமே. ஆகவே போ என்னும் நெடிலோடு சேர்ந்த இகரம் தனி அசையாக நிற்காமல் யகர மெய்யாகச் சுருங்கியது என்று கொள்வதே தகும். ‘ஆ’ என்னும் வினை ‘ஆய்’ ஆவதும் இவ்வழியே. ‘ஓடிச் சென்றான்’ என்பதில்போல ‘போய்ச் சேர்ந்தான்’ என்பதிலும் வல்லினம் மிகுவதையும், ‘வந்து சேர்ந்தான்’ என்பதில் அது மிகாமையையும் இங்கு ஒப்புநோக்கலாம்.

இதே பொருளுடைய வினைக்கு ஸ்பானிய மொழியிலும் இதே நிலை நேர்ந்திருப்பது வியப்புக்குரியது. அம்மொழியில் ஹெருந்தியோ எனப்படும் எச்சம், ஆர் என முடியும் வினைகளுக்கு ‘ஆந்தோ’ என்றும், ஏர், ஈர் என முடிவனவற்றுக்கு ‘இயெந்தோ’ என்றும் ஈறு பெறும். பேசுதலுக்கு அப்லாந்தோ, உண்ணுதலுக்கு கொமியெந்தோ என்பன சான்று. தூங்குதலைக் குறிக்கும் தொர்மீர் துர்மியெந்தோ ஆவதும், சொல்லுதலைக் குறிக்கும் தெசீர் திசியெந்தோ ஆவதும் பகுதியின் உயிர் திரிந்த வடிவங்கள். போதலைக் குறிக்கும் ‘இர்’ என்ற வினையிலோ பகுதியென்று எதுவும் எஞ்சாமல் ஈறு மட்டுமே நிற்க, சொல்லின் முதலில் வரும் இகரம் அடுத்த உயிரின் முன் யகரமாகி, ‘யெந்தோ’ என்ற வடிவம் உண்டாகிறது. இரு மொழிகளுக்கும் மரபுவழி உறவு இல்லையாயினும், இரண்டிலும் விதிவிலக்குப்போலத் தோன்றும் சொல்லை ஆக்கியது இகரம் யகரமாகும் எளிய ஒலிமாற்றமே.

வடிவத்தில் ஒத்தாலும் இவை பயன்பாட்டில் வேறுபடுகின்றன. ஸ்பானிய எச்சம் பெரும்பாலும் முதன்மை வினையுடன் உடன்நிகழும் செயலைக் காட்ட, ‘போய்’ முன்னிகழ்ச்சியையே காட்டுவதால், ‘எஸ்தார்’ என்ற துணைவினையோடு ஸ்பானியர் உணர்த்தும் தொடர்நிகழ்வைத் தமிழில் சொல்ல ‘போய்க்கொண்டிருக்கிறான்’ என்று ‘கொண்டு’ என்னும் மற்றோர் எச்சத்தையும் சேர்க்க வேண்டும். ஐரோப்பியர் எழுதிய தமிழ் இலக்கணங்களில் செய்து என்னும் வாய்பாட்டு எச்சத்துக்கும் ஹெருந்தியோவின் ஆங்கில வடிவமான ஜெரண்ட் என்ற பெயர் வழங்கியதால், பெயர் ஒன்றாக இருப்பதை நம்பிப் பொருளும் ஒன்றென மயங்க இடமுண்டு.

பேச்சுவழக்கில் இச்சொல் ‘போயி’ என்று ஒலிக்கிறது. இது பழைய இகரம் மீண்டும் தோன்றியதன்று. நாய் என்பதை நாயி என்பதுபோல, மெய்யீற்றுச் சொல்லுக்குப் பேச்சுத்தமிழ் தரும் துணையுயிரே அது. ‘போய்விட்டு’ என்பது ‘போயிட்டு’ எனக் குறுகி, சென்று திரும்புதலை உணர்த்தும் ‘போயிட்டு வர்றேன்’ என்ற விடைபெறும் தொடரில் நிலைத்துள்ளது.