பவளத் தொட்டியின் வரலாறு: நோய் உயிரிலா, நீரிலா?



வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளம் வளர்ப்போர் நம்மிடையேயும் உள்ளனர். பவளம் வெளுத்தாலோ சுருங்கினாலோ, "இதற்கு என்ன மருந்து, ஆசிரியரே?" என்றுதான் அவர்கள் என்னைக் கேட்கின்றனர். பவள வளர்ப்பின் வரலாற்றைப் படித்தபின், இவ்வினாவை மாற்றிக் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உயிர்வளி

1846-ஆம் ஆண்டு, அன்னா தைன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி டார்க்கி கடற்கரையில் கண்ட சிறு கற்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். அங்கே புதிய கடல்நீர் எளிதில் கிடைக்கவில்லை. எனவே, பழைய நீரையே திறந்த சாளரத்தின் முன்னே கலத்திற்குக் கலம் மாற்றி ஊற்றச் செய்தார். தே தாரிக் ஆற்றுவதைக் கண்ட நமக்கு இது புதிதன்று. காற்றிலுள்ள உயிர்வளி நீரில் கலந்தது. பவளங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன.

கழிவு

அவை குளிர்கடல் பவளங்கள். நம் வெப்பக்கடல் பவளங்கள் பலவற்றின் தசைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒளியைக் கொண்டு அவை ஆக்கும் உணவே பவளத்தைப் பெரிதும் காக்கிறது. இத்தகைய பவளங்களை வளர்க்கும் வழியை நம் அண்டை நகரான ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-இல் ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறை, கதிரொளி, காற்றுக்குமிழி ஆகியவையே அவருடைய கருவிகள். பாறையில் வாழும் நுண்ணுயிர்கள் நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன.

சுண்ணாம்பு

ஆயினும் கற்பவளங்கள் வளரத் தயங்கின. எலும்புக்கூட்டைக் கட்ட அவை நீரிலுள்ள சுண்ணச்சத்தை உறிஞ்சிவிடுவதே காரணம். 1970-களில் ஐரோப்பாவில் பீட்டர் வில்கென்ஸ் தெளிந்த சுண்ணாம்பு நீரை ஊற்றி இக்குறையைத் தீர்க்க வழிகாட்டினார். நாம் வெற்றிலைக்குத் தடவும் நீற்றிய சுண்ணாம்பும் வேதியியலில் அதே பொருள்தான். அதற்காக வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட வேண்டா! தூய சுண்ணாம்பை நல்ல நீரில் கரைத்து, துளித்துளியாகவே விடவேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் நீரின் காரம் ஏறிப் பவளம் மடியும்.

இன்று நாம் செய்ய வேண்டுவன

மூன்று தீர்வுகளும் நீரைத் திருத்தியே கிடைத்தன என்பதைக் கவனியுங்கள். ஆகவே, பவளம் வாடினால் முதலில் நீரைச் சோதியுங்கள்.

வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியசும், உப்பு கிலோவுக்கு ஏறத்தாழ 35 கிராமும் இருத்தல் நன்று. தொட்டியைக் குளிர்விக்க மின்விசிறி வைத்தால் நீர் மட்டுமே ஆவியாகும்; உப்பு தங்கி அடர்த்தி கூடும். குறைந்த அளவை நன்னீரால் நிரப்புங்கள், உப்புநீரால் அன்று. சிங்கப்பூர்க் குழாய்நீரில் குளோரமின் உண்டு. ஓரிரவு திறந்து வைப்பதால் அது நீங்காது. வடிகட்டிய தூய நீரே ஏற்றது.

அம்மோனியா சிறிதும் இருத்தலாகாது. கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவில் இருக்கலாம். காரத்தாங்குதிறன் நாளுக்கு நாள் ஏறி இறங்காதிருப்பது அதனினும் முதன்மையானது.

தசை இருந்தும் நிறம் போயிருந்தால் நுண்பாசிகள் வெளியேறியுள்ளன. வெப்பத்தையும் திடீர் ஒளியையும் ஐயுறுங்கள். தசையே உரிந்து எலும்பு தெரிந்தால் காரத்தாங்குதிறனை உடனே அளந்து பாருங்கள். மீன் நோய்க்குரிய செம்பு மருந்தைப் பவளத் தொட்டியில் இட்டால் பவளம் மாண்டுபோகும்.

2010-இல் கடல் சூடேறியபோது தியோமான், ரெடாங் தீவுகளின் பவளங்கள் வெளுத்தன. முக்குளிப்பு இடங்கள் சில மூடப்பட்டன. அப்பெருங்கடலிலும் நோய் நீரில்தான் இருந்தது. தொட்டி நீரை வாரந்தோறும் அளந்து குறிப்பேட்டில் எழுதும் பொறுப்பை உங்கள் பிள்ளையிடம் கொடுங்கள். கடலில் நேர்ந்தது என்னவென்று அப்பிள்ளை தானே புரிந்துகொள்ளும்.