யாழ்ப்பாணத்தில் மகப்பேற்றுப் பராமரிப்பும் பண்பாட்டு மதிப்பும்

பேறு பார்க்கும் இடத்தில் தாயின் மொழி, உணவு, வழக்கம், சம்மதம் ஆகியவற்றுக்கு இடம் கொடுக்கும் மருத்துவ முறையே பண்பாட்டை மதிக்கும் மகப்பேற்றுப் பராமரிப்பு. அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மார் வெள்ளையினத் தாய்மாரை விட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இறப்பதால் அங்கு இது பெரும் கோரிக்கையாக எழுந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதன் கதை பழையது. இங்கே மதிப்பைக் கெடுத்தது நிறமல்ல, சாதி.

பேறு பார்த்தவள் மருத்துவிச்சி. பெரும்பாலும் அம்பட்டர் குலப் பெண். பிள்ளையை ஏந்திய கை அவளுடையது. ஆனாலும் அவளுக்கு வீட்டில் சரியாசனம் கிடையாது. பிள்ளை பிறந்த வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு; முப்பத்தொன்றாம் நாள் கழிவு. நொச்சி, பாவட்டை இலைகள் அவிந்த வெந்நீரில் தாய்க்கு வேது. அம்மியில் மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி அரைத்து வைத்த சரக்குக் கறி. பால் சுரக்கச் சுறா. இவற்றை மூடநம்பிக்கை என்று மொத்தமாக ஒதுக்கியவர்கள், ஓய்வும் சூடான உணவும் அவற்றுக்குள் இருந்ததைக் கவனிக்கவில்லை.

1847இல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் வேறு வழியில் போனார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், 1857இல் மோன்செல் என்பவரின் மகப்பேற்று நூலைப் 'பிரசவ வைத்தியம்' என்ற பெயரில் தமிழாக்கினார். பிறகு பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். மாணவர் தமிழர் உடையையும் உணவையும் விட்டுவிடக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். மதம் பரப்ப வந்தவர்தான். ஆனால் நோயாளியின் மொழியில் பேசத் தெரியாத வைத்தியன் பாதி வைத்தியன் என்பது அவருக்கு விளங்கியிருந்தது.

ஆண் மருத்துவரிடம் வரக் கூசிய பெண்களுக்கென, மிஷன் ஊழியர்களான லீச் சகோதரிகள் வெளிநாடுகளில் திரட்டிய பணத்தில் 1898இல் இணுவிலில் மக்லியொட் மருத்துவமனை எழுந்தது. மருத்துவர் இசபெல்லா கேர் அதை நெடுங்காலம் நடத்தினார்.

அரச மருத்துவிச்சிகள் ஊர் ஊராக வந்த பிறகு நிலைமை மாறியது. இலங்கையில் 1930களில் ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2,000க்கு மேல் இருந்த தாய் மரணம் இன்று 40க்கும் கீழ். குடும்பநல உத்தியோகத்தர் வாசலுக்கே வந்து பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கிறார். பேறுகள் ஏறத்தாழ அனைத்தும் மருத்துவமனையில்தான். பேற்று நோவு நேரத்தில் தாய் விரும்பும் துணை அருகில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. பழைய வீட்டுப் பேற்றில் அம்மாவும் மாமியும் பக்கத்தில் இருந்தது கேட்டு வாங்கிய உரிமையல்ல, இயல்பு.

குடாநாட்டு மருத்துவ வரலாற்று நூல்களில் கிறீனுக்குத் தனி அத்தியாயமே உண்டு. துடக்கு வீட்டு மருத்துவிச்சி ஒருத்தியின் பெயரைக் காண்பது அரிது.