ஸ்கின்னி பப்பி: மேடையேறிய ஆய்வுக்கூடம்

மின்னணு இன்டஸ்ட்ரியல் இசையின் முன்னோடிகளில் ஒன்றான ஸ்கின்னி பப்பி, கனடாவின் வான்கூவர் நகரில் 1982இல் தொடங்கியது. இமேஜஸ் இன் வோக் என்ற பாப் குழுவில் டிரம்ஸ் வாசித்துவந்த கெவின் கிராம்ப்டன் தனியாகச் செய்துபார்த்த முயற்சிதான் அது. பாடகர் கெவின் ஓகில்வி வந்து சேர்ந்ததும் குழுவாக உருவெடுத்தது. கிராம்ப்டன் செவின் கீ ஆனார். ஓகில்வி நிவெக் ஓகர் ஆனார். ஒரு நாயின் கண்வழியே மனித உலகைப் பார்ப்பது என்பதே குழுவின் அடிப்படை எண்ணம்.

சின்தசைசர், டிரம் மெஷின் ஆகியவற்றின் தாளத்தோடு திகில் படங்களின் வசனத் துணுக்குகளும் செய்திக் குரல்களும் கலந்து வரும். ஓகரின் குரலோ கருவிகளால் சிதைக்கப்பட்டு, சொல்லா உறுமலா என்று பிரித்தறிய முடியாதபடி ஒலிக்கும். 1986இல், குழுவில் இருந்த பில் லீப் விலகிச் சென்று ஃப்ரண்ட் லைன் அசெம்ப்ளி குழுவைத் தொடங்கினார். அவருக்குப் பதிலாக டுவெய்ன் கோட்டல் வந்தபின் சாம்ப்ளரின் பங்கு பெருகி, ஒலி அடுக்குகள் இன்னும் அடர்ந்தன.

இந்த இசைக்கு ஈடாக மேடையும் வளர்ந்தது. பின்திரையில் படத்துண்டுகள் ஓட, முன்னே செயற்கை இரத்தத்தில் தோய்ந்து ஓகர் நடிப்பார். 1988ஆம் ஆண்டு இசைத்தொகுப்பும் அதையொட்டிய சுற்றுப்பயணமும் விலங்குகள்மீதான ஆய்வுகளை எதிர்த்தன. ‘சட்’ என்று பெயரிட்ட பொம்மை நாயை ஓகர் மேடையில் அறுத்துக் காட்டினார். அவ்வாண்டு அக்டோபரில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், அதை உயிருள்ள நாய் என்று நம்பிய ஒருவர் போலீசை அழைத்தார். நிகழ்ச்சிக்குப் பின் ஓகர், கீ உள்ளிட்டோர் கைதாயினர். விலங்குவதையைக் கண்டித்து நடத்திய காட்சியே விலங்குவதைப் புகாருக்கு உள்ளானது. அதே ஆண்டு அவர்களுக்கு முன்னால் சில மேடைகளில் வாசித்த நைன் இஞ்ச் நெயில்ஸ் குழு பின்னாளில் பெரும் புகழ் பெற்றது. அதன் முதல் சிங்கிளில் ஸ்கின்னி பப்பியின் சாயல் இருப்பதை அக்குழுவின் தலைவர் டிரென்ட் ரெஸ்னரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1990களில் போதைப்பழக்கமும் உட்பூசலும் குழுவைக் குலைத்தன. 1995இல் ஓகர் விலகினார். அவ்வாண்டு ஆகஸ்டில் ஹெராயின் மிகையால் கோட்டல் இறந்தார். பாதியில் நின்ற ‘தி பிராசஸ்’ இசைத்தொகுப்பு 1996இல்தான் வெளிவந்தது.

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 2000ஆம் ஆண்டு நடந்த விழாவில் கீயும் ஓகரும் மீண்டும் ஒன்றாக மேடையேறினர். 2004இல் புதிய இசைத்தொகுப்பு வந்தது. குவாண்டனாமோ சிறையில் கைதிகளை வதைக்கத் தங்கள் பாடல்கள் ஒலிக்கவிடப்பட்டதாக அறிந்தபோது, அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு 6,66,000 டாலருக்கு விலைப்பட்டியல் அனுப்பியதாக 2014இல் குழுவினர் தெரிவித்தனர். நாற்பதாண்டு நிறைவை ஒட்டி 2023இல் அறிவித்த சுற்றுப்பயணமே கடைசி என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டனர். அதனுடன் ஸ்கின்னி பப்பியின் மேடை வாழ்வு நிறைவுற்றது.