தரிசும் சோலார் தகடும்

போன மாசி மாதம் என் சித்தப்பா மகன் தண்டராம்பட்டுப் பக்கமிருந்து வேங்கிக்கால் வந்திருந்தான். கையில் ஓர் ஒப்பந்த நகல். அவனுடைய நான்கு ஏக்கர் புஞ்சையை சோலார் மின்சாரத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்குக் கேட்கிறார்களாம்.

“அண்ணா, நீங்க ரெவின்யூவுல இருந்தவரு. கையெழுத்துப் போடலாமா வேணாமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றான்.

வாடகை அவனுக்குப் பிடித்திருந்தது. உறுத்தியது தரகர் சொன்ன ஒரு சொல்தான். “இது தரிசுதானேன்றாரு. எங்கப்பா காலத்துலேர்ந்து மல்லாட்டை போடற நிலம்ணா அது.” அடங்கலைப் பார்த்தேன். மழை தவறிய இரண்டு வருஷம் அவன் விதைக்கவில்லை. அந்த இரண்டு வருஷத்துக்கும் ‘நடப்புத் தரிசு’ என்று எழுதியிருந்தது. தரகர் பொய் சொல்லவில்லை, காகிதத்தைப் படித்திருக்கிறார்.

இந்தச் சொல்லோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்தியவன் நான் என்பதால் அதன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கும்பினியின் கைக்கு வந்தது. செங்கம் கணவாயைத் தாண்டினால் வரும் நாடு அது. அங்கே அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, உழுகிறவனிடமே நேராகத் தீர்வை வாங்கும் முறையை ஆரம்பித்தார்கள். ரயத்துவாரி என்று பின்னால் மாகாணம் முழுக்கப் பரவியது அதுதான். சர்க்காருக்கு வேண்டியது தீர்வை. அதனால் நிலத்தைப் பிரித்ததும் தீர்வையை வைத்துத்தான். நஞ்சை, புஞ்சை, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, புறம்போக்கு என்று கணக்கில் ஏறியது. ஆடு மேய்வதும், விறகு பொறுக்குவதும், மழை பெய்த வருஷம் மட்டும் கொள்ளு விதைப்பதும் வரி தராத காரியங்கள். அவற்றுக்குக் கணக்கில் பத்தி கிடையாது. மேய்ச்சலுக்கு என்று ஒதுக்கியது கூட புறம்போக்குத் தலைப்புக்குள்தான் போயிற்று. இருநூறு வருஷத்துக்குப் பிறகு காற்றாலைக்காரர்களும் சோலார்காரர்களும் ‘பயன்படாத நிலம்’ தேடி வந்தபோது அவர்கள் கையில் கிடைத்ததும் இந்தக் கணக்கின் வாரிசுதான்.

முதலில் வந்தது காற்றாலை. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசு சோதனையாக நிறுவியது. பிறகு ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், முப்பந்தலிலும், கயத்தாறு கரிசலிலும், பல்லடம் உடுமலை வட்டாரத்திலும் பரவியது. தொண்ணூறுகளில் அதற்கு வேகம் கொடுத்தது காற்று மட்டுமல்ல, வருமான வரிச் சட்டமும்தான். இயந்திரத்தின் முழு விலையையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள அனுமதித்தார்கள். கோவை, திருப்பூர்ப் பக்கத்து மில்காரர்கள் பலர் தங்கள் ஆலைக்கு மின்சாரமும் ஆயிற்று, வரியும் மிச்சம் என்று காற்றாலை வைத்தார்கள்.

காற்றாலையில் ஒரு நல்ல குணம் உண்டு. கோபுரத்தின் அடியும், பாதையும், டிரான்ஸ்பார்மர் மேடையும் போக மிச்ச நிலம் சும்மாதான் இருக்கும். முப்பந்தல் பக்கம் இறக்கை சுற்றிக்கொண்டிருக்க, கீழே வாழை நிற்பதை பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் நடந்தது விற்பனை. விற்றவனுக்கு ஒரு தடவை பணம் கையில் வந்தது. பிறகு காற்று வீசும் வருஷமெல்லாம் வந்த வருமானத்தில் அவனுக்குப் பங்கில்லை.

சோலாருக்கு அந்த நல்ல குணமும் இல்லை. நிலத்தை மூடிக்கொண்டு படுத்துவிடும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதி அருகே செங்கப்படையில் 2016-ல் அதானி நிறுவனம் கட்டி முடித்த நிலையம் 648 மெகாவாட். ஓரிடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அன்று பேசப்பட்டது. சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள், ஏறத்தாழ 8 மாத வேலை, 4,550 கோடி ரூபாய் முதலீடு. யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு என்று மின்வாரியத்தோடு ஒப்பந்தம். தகடுகளைத் துடைக்க இயந்திர மனிதனையே வைத்தார்கள். தண்ணீர் இல்லாத சீமையில் அது புத்திசாலித்தனம்.

அந்தச் சீமையை ‘வறண்ட பூமி, சீமைக்கருவேலம் மண்டிய காடு’ என்று எழுதாத பத்திரிகை இல்லை. உண்மைதான். ஆனால் அந்தக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைத்தவர்கள் அங்கே எத்தனையோ குடும்பங்கள். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பிப் புழுதியில் நெல் விதைப்பதும், அந்த வட்டாரத்துக் கரிசலில் குண்டு மிளகாய் போடுவதும் உண்டு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. பட்டா வைத்திருந்தவர் விலை பேசி விற்றார். கரிமூட்டக்காரருக்கும் ஆட்டுக்காரருக்கும் விற்க என்ன இருந்தது?

கர்நாடகத்தில் வேறு வழி பார்த்தார்கள். தும்கூர் மாவட்டம் பாவகடா, அடிக்கடி பஞ்சம் கண்ட தாலுகா. அங்கே ஐந்து கிராமங்களில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் பூங்கா 2018-ல் தொடங்கியது. நிலத்தை வாங்கவில்லை, அரசு அமைப்பு ஒன்று நடுவில் நின்று விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு வருஷம் 21,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூடும். நிலம் விவசாயி பேரிலேயே இருக்கிறது. மானாவாரிக் கடலையில் மழையைப் பார்த்து ஏமாந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கேயும் வாடகை போனது நிலம் உள்ளவர் வீட்டுக்குத்தான். களை வெட்டவும் கடலை பறிக்கவும் போய்க்கொண்டிருந்தவர்களுக்குக் கூலி நின்றது, ஆடு மாடுகளுக்கு மேய்ச்சல் சுருங்கியது. இருபது ஏக்கர்க்காரருக்குக் கிடைத்த நிம்மதி இரண்டு ஏக்கர்க்காரருக்குக் கிடைத்திருக்காது என்பதற்கு, பெருக்கல் தெரிந்தால் போதும்.

பயிரா மின்சாரமா என்று ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. 1981-லேயே ஜெர்மனியில் கோட்ஸ்பெர்கர், சாஸ்ட்ரோ என்ற இரு விஞ்ஞானிகள் தகட்டை உயரத் தூக்கி, இடைவெளி விட்டு வைத்தால் கீழே உருளைக்கிழங்கு விளையும் என்று கணக்குப் போட்டு எழுதினார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஜப்பானில் நாகாஷிமா என்பவர் 2004-ல் வயலில் செய்து காட்டினார். 2013-ல் ஜப்பான் விவசாய அமைச்சகம் அனுமதி கொடுத்தபோது போட்ட நிபந்தனை எனக்கு மிகவும் பிடிக்கும். தகட்டுக்குக் கீழே விளைச்சல் அந்த வட்டாரச் சராசரியில் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அனுமதி நீடிக்காது. அங்கே விவசாயியின் விளைச்சலைத்தான் முதலில் கணக்கில் வைத்தார்கள்.

ஜெர்மனியில் ஹெகல்பாக் என்ற பண்ணையில் டிராக்டர் போகும் உயரத்துக்குத் தகடு தூக்கி 2016-லிருந்து சோதித்தார்கள். முதலில் 2017-ல் கோதுமையும் உருளைக்கிழங்கும் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. வெயில் கொளுத்திய 2018-ல் உருளைக்கிழங்கு திறந்த வயலைவிட 11 சதவீதம் கூடுதலாகவே விளைந்தது. நிழலின் அருமை வெயிலில் தெரிந்திருக்கிறது. நம்மூர் சித்திரை வெயிலுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். பந்தல் போட்டுப் பாகலும் புடலும் வளர்த்த ஊர்க்காரர்களுக்குத் தூக்கிக் கட்டுவது புதிய யோசனை அல்ல. செலவுதான் இடிக்கிறது. தூக்கிக் கட்ட இரும்பு அதிகம் வேண்டும், கம்பெனிகள் தரையோடு வைக்கவே விரும்புகின்றன. 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த குசும் திட்டத்திலும், விளைநிலத்தில் வைப்பதானால் தூண் மேல் தூக்கி, கீழே பயிர் செய்யலாம் என்று இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு மெகாவாட் வரை விவசாயியே, அல்லது விவசாயிகள் சேர்ந்தே, போடவும் வழி உண்டு. நம் பக்கத்தில் அந்தத் திட்டத்தின் பேர் தெரிந்தவர்கள் அதைக் கிணற்று சோலார் மோட்டார் மானியமாகவே அறிவார்கள்.

இதையெல்லாம் சொல்லும் நான் ஒன்றும் யோக்கியன் இல்லை. 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் அமைந்தபின் சுற்றுவட்டாரம் முழுக்க மனையாயிற்று. நான் வீடு கட்டியிருக்கிற இடத்தில் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தது. அந்த நெல்லுக்காக நான் வருத்தப்பட்டு மனையைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை.

தம்பியிடம் “போடாதே” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கு ஐம்பத்தெட்டு வயது, பிள்ளைகள் இரண்டும் ஓசூரில். வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. ஒப்பந்தத்தை இருவருமாக உட்கார்ந்து படித்தோம். வாடகை கூடும் வீதம் இருந்தது. கம்பெனி கைமாறினால் வாடகைக்கு யார் பொறுப்பு என்பது இல்லை. காலம் முடிந்ததும் மண்ணில் இறக்கிய இரும்புத் தூண்களை யார் பிடுங்குவது என்பது இல்லை. கிணறு யாருக்கு என்பதும் இல்லை. அடங்கலில் பயிர் இல்லாவிட்டால் சொசைட்டியில் பயிர்க்கடன் கிடைக்காது என்பதை அவன் யோசிக்கவே இல்லை. பதிவு செய்யாமல் வெறும் பத்திரத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்றும், நான்கு ஏக்கரையும் ஒரே மூச்சில் கொடுக்காமல் கிணற்றைச் சுற்றி ஒன்றரை ஏக்கரை நிறுத்திக்கொள் என்றும் சொன்னேன். தகட்டை ஆள் உயரத்துக்குத் தூக்கி வைப்பார்களா என்று கேட்கவும் சொன்னேன்.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டான். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்: “கம்பி வேலி போட்டுட்டா, மேலண்டைக் காலனிக்காரங்க ஆடு ஓட்டிக்கிட்டுப் போற வழி நம்ம நிலத்துலதானேண்ணா இருக்குது. அது எந்தக் கணக்குல வரும்?”

எந்தக் கணக்கிலும் வராது. அந்த வழி புலப்படத்தில் இல்லை. அதையும் தாளில் எழுதச் சொன்னேன்.